ஊர் திரும்பிய பின் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விடயம்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான சுகாதாரத் தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



காணி உறுதி, மிதிவெடி அபாயப் பலகை, கிணறு இறைப்பது, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் பற்றியெல்லாம் எனக்கு முன்னர் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தந்திருப்பது சபையில் கதைக்கக் கூச்சமான விடயம். சாராயம், கசிப்பு, தூள், ஐஸ், கஞ்சா, நித்திரைக் குளிசை, நோக் குளிசை. இவற்றில் ஏதோ ஒன்று இல்லாமல் இருக்க முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால், ஊருக்குப் போன பிறகு பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் டொக்டரிடம் அதை எப்படிச் சொல்வது, ஏன் உடனே சொல்ல வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் வைத்தியர் அல்ல. கலைப்பீடத்தில் படித்துவிட்டு இந்த நிறுவனத்தில் தகவல் எழுதும் வேலை பார்க்கிறவள். ஆகவே உங்கள் வீட்டு ஆளுக்கு எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று நான் சொல்லப் போவதில்லை. வைத்தியர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விடயங்களை உங்களுக்கு விளங்கும் பேச்சில் கொண்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. "போதைக்கு அடிமை" என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. அடிமை என்று பெயர் வைத்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? சுகாதாரப் பகுதியினர் "தங்கியிருத்தல்" என்கிறார்கள். அது கொஞ்சம் அரசாங்கத் தமிழ்தான், ஆனாலும் நிலைமையைச் சரியாகச் சொல்கிறது. உடம்பும் மனமும் ஒரு பொருளில் சாய்ந்து நிற்கின்றன. அதை எடுத்துவிட்டால் ஆள் விழுகிறார்.

இப்படிச் சாய்ந்து நிற்பவர் என்றதும் எல்லோரும் சந்தியில் நிற்கிற பெடியனைத்தான் நினைக்கிறோம். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்த குடும்பங்களோடு கதைத்ததில் நான் கண்டது வேறு. ஒரு வீட்டில் அம்மம்மா. முதல் தடவை இடம்பெயர்ந்தபோது நித்திரை வராமல் கிளினிக்கில் தந்த டயசிபாம் குளிசையை வருடக்கணக்காக இரவில் போடுகிறார். இன்னொரு வீட்டில் குடும்பத் தலைவர். முதுகில் ஷெல் துண்டு இருக்கிறது, நாரி நோவுக்குத் தந்த டிரமடோல் இப்போது நோ இல்லாத நாளிலும் வேண்டும். கால் இழந்தவர்களுக்கு இல்லாத காலில் நோ வருகிறதே, அது கற்பனை அல்ல, நரம்பு நோ. அதற்கு வைத்தியர்கள் பிரகாபலின் போன்ற குளிசைகளை எழுதுவது சரியான வைத்தியம்தான். ஆனால் அதே பிரகாபலினைப் பெடியள் போதைக்காக வாங்குகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரே குளிசை, இரண்டு வீடு, இரண்டு கதை. இருவரும் திடீரென நிறுத்தினால் உடம்பு படும் பாடு மட்டும் ஒன்றுதான்.

ஊர் மாறும்போது இது ஏன் அவசரமாகிறது என்று இப்போது சொல்கிறேன். இங்கே இருக்கும்வரை எந்தக் கடையில் கிடைக்கும், எந்த டொக்டர் கேள்வி கேட்காமல் எழுதித் தருவார், சாராயம் எங்கே, கசிப்பு எங்கே என்று ஆளுக்குத் தெரியும். லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் இறங்கிய முதல் கிழமையில் அது எதுவும் இல்லை. பாமசி பத்துக் கட்டை தள்ளி. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கையில் காசும் இல்லை, கூரைத்தகடு வாங்கப் போய்விட்டது. ஒருவரும் "இன்று நிறுத்துவோம்" என்று தீர்மானிக்காமலே அந்தப் பொருள் நின்றுபோகிறது. குடும்பத்துக்கு உள்ளூரச் சந்தோஷம், ஊர் மண்ணை மிதித்ததும் மனுசன் திருந்திவிட்டார் என்று. மூன்றாம் நாள் அவர் கை நடுங்கி, இல்லாத ஆளோடு கதைத்துக்கொண்டு, வேலியைப் பிடுங்கப் போகிறார். பேய் பிடித்துவிட்டது, பாழடைந்து கிடந்த வளவில் ஏதோ இருக்கிறது என்று பூசாரியைத் தேடுகிறார்கள்.

அது பேய் அல்ல. பல வருடம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 மணித்தியாலம் தொடக்கம் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், நெஞ்சுப் படபடப்பு வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு மூளை குழம்பி, பூச்சி ஊருவது போலவும் ஆட்கள் வருவது போலவும் தெரியும், காய்ச்சல் அடிக்கும். இந்தக் கடைசி நிலையில் வைத்தியம் இல்லாவிட்டால் ஆள் இறந்துபோகலாம். குடியால் சாகாதவர் குடியை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தியதால் சாவது எவ்வளவு பெரிய கொடுமை! ஆஸ்பத்திரியில் இதைத் தடுக்கலாம். சில நாட்களுக்கு அளவு பார்த்துக் குளிசை தந்து, அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின் என்ற விற்றமின் பி1 கொடுப்பார்கள். சாப்பாடில்லாமல் குடித்தவர்களின் மூளையைக் காப்பாற்றுவது அதுதான். "ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ டொக்டர், எல்லாம் சரிவரும்" என்று கேட்கிறோம் அல்லவா, தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் அப்படிப்பட்டவர்களுக்குத் தீமை வரலாம். அதனால்தான் ஆள் எவ்வளவு குடிப்பவர் என்ற உண்மை ஊசி ஏற்றுவதற்கு முன்னர் டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

அம்மம்மாவின் நித்திரைக் குளிசையும் இதே இனம்தான். ஆனால் டயசிபாம் உடம்பை விட்டு மெதுவாகப் போகும். நிறுத்திய அன்று ஒன்றும் தெரியாது. ஒரு கிழமை கழித்துப் பதற்றம், நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பு. அதற்குள் குளிசை முடிந்த கதையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். "வயசு போட்டுது, ஊர் மாறினது ஒத்துக்கொள்ளேல்லை" என்பார்கள். வருடக்கணக்காகப் போட்ட குளிசையை நிறுத்துவதென்றால் வைத்தியர்கள் கிழமைக்குக் கிழமை, சிலவேளை மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஒரேயடியாகப் பறித்து அடுப்பில் போடுவது வைத்தியம் அல்ல.

தூள், அதாவது ஹெரோயின், வேறு மாதிரி. கடைசியாக எடுத்துச் சில மணித்தியாலங்களில் கொட்டாவி, மூக்கால் தண்ணீர், உடம்பு உளைவு, வயிற்றோட்டம் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் மிக மோசமாக இருக்கும். ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும். சுகதேகிக்கு இதனால் உயிர் போவது அரிது. ஆபத்து அதற்குப் பிறகுதான். சில கிழமை விட்டிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. சிறையிலிருந்து வந்தவர், புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வந்தவர், ஊர் மாறிப் பொருள் கிடைக்காமல் இருந்தவர், ஒரு நாள் பழைய கூட்டாளியைக் கண்டு பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். கண்மணி ஊசிமுனை போலச் சிறுத்து, உதடு நீலமாகி, கூப்பிட எழும்பாமல், மூச்சு விட்டு விட்டு வந்தால், தேசிக்காய்த் தண்ணீர் பருக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். அது இலவசம். வந்தவர்களிடம் என்ன எடுத்தார் என்று சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். கர்ப்பிணி ஒருவர் தூளோ டிரமடோலோ எடுப்பவராக இருந்தால் வீட்டில் நிறுத்தவே கூடாது, நிறுத்தும்போது வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நேரே வைத்தியரிடம்.

ஐஸ் எடுப்பவர் நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் நித்திரையும் சாப்பாடுமாக இருப்பார். பெற்றோருக்கு நிம்மதி. பிறகு மனம் இருண்டுபோகும். தற்கொலை எண்ணம் வருவது அந்த நாட்களில்தான். சிலருக்கு ஆட்கள் துரத்துகிறார்கள், ட்ரோன் பார்க்கிறது என்ற சந்தேகம் நிறுத்திய பின்னும் போகாது. நம்முடைய ஊர்களில் உண்மையிலேயே ஆட்கள் துரத்தப்பட்ட காலம் இருந்ததால், அந்தப் பயத்தைக் குடும்பமே நம்பிவிடுவதும் உண்டு. ஐசுக்குப் பதிலாகக் கொடுக்க மாற்றுக் குளிசை என்று ஒன்று கிடையாது. ஆனால் பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் வைத்தியம் உண்டு, அதை உளநல வைத்தியர் பார்ப்பார்.

சரி, எந்த டொக்டரிடம் போவது? பெரும்பாலான குடும்பங்கள் கேட்பது, "கொழும்பிலை நல்ல இடம் ஏதும் இருக்கோ?" என்றுதான். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை என்று 1984 முதல் ஓர் அரச சபை இருக்கிறது. அதற்குத் தலங்கம, கண்டி, காலி போன்ற இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் உண்டு. அவர்களின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். நல்லதுதான். ஆனால் கூரை போடாத வீட்டிலிருந்து ஒரு தாய் எத்தனை தடவை தலங்கமவுக்குப் போய் வருவாள்? என்னுடைய அபிப்பிராயம், முதல் வாசல் உங்கள் பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுதான். காய்ச்சலுக்கும் நாய்க்கடிக்கும் போகிற அதே ஓ.பி.டி. அங்கே இருக்கும் வைத்தியர் நிபுணர் அல்ல. ஆனால் நடுக்கத்தையும் வலிப்பையும் அடையாளம் காண, வார்டில் சேர்க்க, உளநலப் பிரிவுக்குக் கடிதம் எழுத அவரால் முடியும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும், வன்னி மாவட்டங்களின் பொது வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. கடிதத்தோடு போனால் எந்த நாள், எந்த அறை என்று அலைய வேண்டியதில்லை. இன்னொன்று, அந்த ஓ.பி.டி. வைத்தியர்தான் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் உங்கள் ஊரில் இருக்கப் போகிறவர். இது ஒரு கிழமையில் முடிகிற நோய் அல்ல, சீனி வருத்தம் போல, பிரஷர் போல, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது.

ஓ.பி.டி.யின் நிலைமையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலையில் நம்பர் துண்டு எடுத்து நூறு பேர் நிற்பார்கள். டொக்டருக்கு உங்களோடு கதைக்கச் சில நிமிடம்தான். பின்னால் நிற்பவரின் மூச்சு உங்கள் கழுத்தில் படும். இந்த நிலையில் என்ன நடக்கிறது என்றால், "என்ன செய்யுது?" என்று டொக்டர் கேட்பார். "நித்திரை வருகுதில்லை ஐயா, உடம்பு உளையுது" என்று ஆள் சொல்வார். பனடோலும் ஒரு குளிசையும் எழுதித் தருவார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை. தூள் எடுப்பவர் வயிற்றோட்டத்துக்கு மருந்தோடு வருகிறார். குடிப்பவர் நெஞ்செரிவுக்கு மருந்தோடு வருகிறார். கணவன் அடித்த காயத்துக்கு மனைவி, "வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லி மருந்து கட்டிக்கொண்டு வருகிறாள்.

ஆகவே வரிசையில் நிற்கும்போதே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன பொருள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, குடிக்கிறாரா, புகைக்கிறாரா, ஊசியா, கடைசியாக எப்போது எடுத்தார், முன்னர் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. இவ்வளவும் ஐந்து வரிக்குள் வரும். துண்டை மேசையில் வைத்துவிட்டால் வாயால் உரத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதில் கடைசி இரண்டும்தான் டொக்டருக்கு மிக முக்கியம். "கடைசியா எப்ப எடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்பது குற்றம் பிடிக்க அல்ல. எத்தனை மணித்தியாலத்தில் வலிப்பு வரக்கூடும், வார்டில் சேர்ப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர் மனதில் கணக்குப் போடுகிறார். அளவைக் குறைத்துச் சொன்னால் தரும் மருந்தும் குறையும். அரைப் போத்தல் என்றால் அரைப் போத்தல் என்றே சொல்லுங்கள். கசிப்பு என்றால் கசிப்பு என்று சொல்லுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது.

டொக்டருக்குத் தமிழ் விளங்காவிட்டால்? வன்னியில் இது பலருக்கு நடந்திருக்கிறது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் உங்கள் ஊர்ச் சிற்றூழியராக இருப்பார், அவர் உங்கள் மச்சாளின் அயல்வீட்டுக்காரர். உண்மை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். தாதிய உத்தியோகத்தர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அல்லது அந்தத் துண்டை முதலே தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். பெயர் போடாமல் எழுதினால் ஆசிரியருக்கும் யாருக்கென்று தெரியத் தேவையில்லை. குளிசை என்றால் அதன் வெற்று மட்டையைக் கொண்டு போங்கள், அதில் ஆங்கிலத்தில் பெயரும் அளவும் இருக்கும். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்புகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அங்கே ஒரு கம்பனிப் பெயரில் வந்த குளிசை இங்கே வேறு பெயரில் வரும். "வெள்ளைச் சின்னக் குளிசை" என்று சொல்லி ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தூளையோ ஐசையோ, "டொக்டருக்குக் காட்ட" என்று கையில் கொண்டு போகாதீர்கள். அதை வைத்திருப்பது குற்றம். வழியில் சோதனையில் பிடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

பொலிசுக்குச் சொல்லிவிடுவார்களா என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நியாயமான பயம்தான், நம்முடைய அனுபவம் அப்படி. நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் தொழில் ஒழுக்கம். "நான் எடுக்கிறனான், விட வேணும்" என்று தானாக வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது வைத்தியரின் வேலை அல்ல. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், தானாக விரும்பிச் சிகிச்சைக்கு வருபவருக்கு ஒரு வழியும், நீதிமன்றம் அனுப்புபவருக்கு வேறு வழியும் வைத்திருக்கிறது. கந்தகாடு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். ஓ.பி.டி. மேசையில் உண்மை சொன்னதற்காக ஒருவரை அங்கிருந்தே வாகனத்தில் ஏற்றிவிடுவதில்லை. வெட்டுக்காயம், அடிதடி, நஞ்சு குடித்தது என்று வந்தால் ஆஸ்பத்திரிப் பொலிஸ் பதிவு நடக்கும், அது வேறு விடயம். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயரை வெட்டுவார்களோ என்றும் ஒரு அம்மா கேட்டார். உங்கள் கிளினிக் கொப்பி பிரதேச செயலகத்துக்குப் போவதில்லை, அது உங்கள் கையில்தான் இருக்கும். தங்கச்சியின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்ற பயத்துக்கு மட்டும் என்னிடம் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வேலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற அண்ணனை ஊர் காண்பதைவிட, மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போகிற அண்ணனைக் காண்பது குறைந்த கதைதான்.

இனி டொக்டர்மாரின் பக்கமும் கொஞ்சம். குளிசை கேட்டுப் போன இடத்தில், "தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் என்று கோபத்தோடு வருகிறார்கள். ஒரு நோயாளி காலையில் அரச ஆஸ்பத்திரி, பின்னேரம் தனியார் டிஸ்பென்சரி, அடுத்த நாள் அடுத்த ஊர் என்று மூன்று இடத்தில் ஒரே குளிசையை வாங்குவது அவர்களுக்குத் தெரியும். ஒன்றுக்கொன்று தெரியாமல் எழுதிய அந்த மூன்று துண்டும் சேர்ந்தால் ஆளைக் கொல்லப் போதும், அதுவும் சாராயத்தோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். "வேண்டாம்" என்று சொல்கிற டொக்டர் கெட்டவர் அல்ல. கேட்டதைக் கேட்டபடி எழுதித் தருகிறவரைத்தான் நான் சந்தேகிப்பேன். ஆனால் "தரமாட்டேன், போ" என்று சொல்வதும் "இதைத் தர ஏலாது, ஆனால் இப்பிடிக் குறைப்பம்" என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். "டொக்டர், ஒரேயடியா விட்டா வலிப்பு வருமோ? எப்பிடிக் குறைக்கிறது?" என்று நீங்களே கேட்கலாம். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு வைத்தியர், ஒரு கொப்பி, ஒரு பாமசி என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் உங்களில் நம்பிக்கை வரும். குறைக்கும் காலத்தில் ஒரு மாதக் குளிசையை ஒன்றாகத் தராமல் கிழமைக்குக் கிழமை தருவார்கள், வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக வைத்திருக்கச் சொல்வார்கள். அதை அவமானமாக எடுக்க வேண்டாம். குளிசைப் போத்தல் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டி. தற்காலிகக் கொட்டிலில் பூட்டும் பெட்டி இல்லாவிட்டால் அரிசி வாளிக்குள்ளாவது வைத்து மேலே தூக்கி வையுங்கள்.

வைத்தியர்கள் இன்னொன்றையும் பார்ப்பார்கள். கடந்த ஒரு வருடத்தில் அடக்க முடியாத ஆசை, அளவு கட்டுப்படாமை, அளவைக் கூட்டிக்கொண்டே போதல், நிறுத்தினால் வருத்தம், மற்ற எதிலும் நாட்டமின்மை, கெடுதல் தெரிந்தும் விடாமை, இந்த ஆறில் மூன்று சேர்ந்து இருந்தால் தங்கியிருத்தல் என்று கணிப்பது வழமை. கலியாண வீட்டில் குடித்தவரையெல்லாம் நோயாளி ஆக்குவதில்லை. குடி பற்றிக் கேட்க உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்வித் தாளும் உண்டு. டொக்டர் அதை எடுத்தால் பயப்படாமல் பதில் சொல்லுங்கள்.

முதல் தடவையே சரிவரும் என்று நான் சொல்லவில்லை. பலர் விட்டுத் திரும்பத் தொடங்குகிறார்கள். அப்போது, "இனி எந்த முகத்தோடை டொக்டரிட்டைப் போறது?" என்று கிளினிக்கை நிறுத்திவிடுகிறார்கள். சீனி கூடினால் கிளினிக்கை நிறுத்துகிறோமா? திரும்பத் தொடங்கியதைச் சொல்லத்தான் அடுத்த கிளினிக்குக்குப் போக வேண்டும். போரும் இடப்பெயர்வும் கூடின இடத்தில் குடியும் கூடும் என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற நம்முடைய உளமருத்துவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தே எழுதியிருக்கிறார்கள். ஆள் ஏன் குடிக்கிறார் என்று கேட்டால் பலருக்குக் காணாமல்போன ஒரு பிள்ளை இருக்கிறது, கண் முன்னால் போன ஓர் உயிர் இருக்கிறது. மருந்து நடுக்கத்தை நிறுத்தும். அதற்கு மேலே கதைக்க ஓர் ஆள் வேண்டும். உளநலப் பிரிவில் அந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். போக முடியாத இரவில் 1926 என்ற உளநல உதவி இலக்கம் இருக்கிறது.

குடித்துவிட்டு அடிக்கிற கணவனைக் குணமாக்கும் பொறுப்பு மனைவியின் தலையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய வைத்தியம் ஒரு பக்கம், உங்களுடைய பாதுகாப்பு ஒரு பக்கம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். காயத்துக்கு மருந்து கட்டும்போது டொக்டரிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள், அது கொப்பியில் எழுதப்பட்டால் பிறகு உதவும்.

வலிப்பு வந்தால் கையில் திறப்பைத் திணிக்காமல், வாய்க்குள் எதையும் விடாமல், ஒருக்களித்து வைத்து, தலைக்குக் கீழ் துணியை மடித்து வைத்து, 1990. இது பெரியவர்களுக்குச் சொல்லி முடியாத விடயம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

புறப்படுவதற்கு முன்னர் செய்ய வேண்டியது ஒன்றுதான். இப்போது போகிற கிளினிக்கில், "நாங்கள் ஊருக்குப் போறம்" என்று முதலே சொல்லி, ஒரு கடிதமும் குறைந்தது இரண்டு கிழமைக்குக் குளிசையும் கேளுங்கள். லொறிக்கு நாள் குறித்த பிறகு அல்ல, அதற்கு முன்னர். போய் இறங்கிய கிழமையிலேயே, குளிசை முடிவதற்கு முன்னர், அந்தக் கடிதத்தோடு பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். குடிப்பவராக இருந்தால் கடிதம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அவருக்குக் கடிதம் தேவையில்லை, ஐந்து வரித் துண்டு போதும். அதுவரை அவரை வலுக்கட்டாயமாக நிறுத்த வைக்க வேண்டாம் என்று நான் சொன்னால் சில அம்மாமாருக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

குடும்ப நல உத்தியோகத்தர் அந்த மூலை மேசையில் இருக்கிறார். சபையில் கேட்க விருப்பமில்லாதவர்கள் அவரிடம் தனியாகக் கேட்கலாம், பெயர் எழுதமாட்டார். பழைய கிளினிக் கொப்பியைப் போட்டோப் பிரதி எடுக்க வேண்டியவர்கள் இப்போதே கொண்டு வாருங்கள். மெஷின் ஜெனரேட்டரில் ஓடுகிறது, 4 மணிக்கு நிறுத்திவிடுவார்கள்.